தெரியாத ஊர்க் கடையை எப்படி நம்புவது?

சிறு இணையக் கடைகளின் முகப்புப் பக்கத்தில் எது இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது?

கருப்பட்டி வாங்கத் தெரிந்தவர்கள் கடைக்குப் போனதும் விலை கேட்பதில்லை. ஒன்றைக் கையில் எடுத்துக் கனம் பார்ப்பார்கள். ஓரத்தில் சில்லு உடைத்து வாயில் போடுவார்கள். இனிப்போடு லேசான கரிப்பு நாக்கில் தட்டுகிறதா, வெறும் சீனித் தித்திப்பா என்பது அந்த ஒரு சில்லில் தெரிந்துவிடும். அதற்கு அப்புறம்தான் "கிலோ எவ்வளவு?" என்ற பேச்சு. கடைக்காரரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. உடைத்துப் பார்க்க விடாத கடையில் கருப்பட்டி விற்காது என்று அவருக்குத் தெரியும்.

இதே கருப்பட்டியை உடன்குடியில் இருந்துகொண்டு ஒருவர் சொந்தமாக வெப்சைட் போட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்க நினைப்பவர் ஓசூரில் இருக்கிறார். உடைக்க முடியாது, முகர்ந்து பார்க்க முடியாது, விற்பவரின் முகம் தெரியாது. பொருள் கைக்கு வரும் முன்பே பணம் கட்ட வேண்டும். அமேசானிலோ ஃப்ளிப்கார்ட்டிலோ வாங்கினால், ஏதாவது தப்பானால் அந்தப் பெரிய நிறுவனத்தைக் கேட்கலாம் என்ற தைரியம் இருக்கும். இங்கே அதுவும் இல்லை. சில்லு செய்துகொண்டிருந்த வேலை முழுவதும் இப்போது ஒரு முகப்புப் பக்கத்தின் தலையில் விழுகிறது.

சிறு கடைகளின் முகப்புகளை வரிசையாகத் திறந்து பார்த்தால், பல இடங்களில் அந்த வேலை நடப்பதே இல்லை. திரை முழுக்க ஒரு பேனர். 'உங்களை அன்புடன் வரவேற்கிறோம்', 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. மூன்று நொடிக்கு ஒருமுறை நகரும் படங்கள். படத்தில் இருப்பது இணையத்தில் எடுத்த யாரோ ஒருவரின் தோட்டம், யாரோ ஒருவரின் சிரிப்பு. கீழே போனால் நிறுவனரின் லட்சியம். விலை எங்கே, கூரியர் சார்ஜ் எவ்வளவு, எத்தனை நாளில் வரும், உடைந்து வந்தால் யாரைக் கூப்பிடுவது? இவற்றுக்கெல்லாம் பதிலைத் தேட வேண்டியிருக்கிறது. கடை நல்ல கடையாகவே இருக்கலாம், சரக்கும் அசலாக இருக்கலாம். ஓசூர்க்காரருக்கு அது தெரிய வழியில்லை. சந்தேகம் வந்தவர் சண்டை போட மாட்டார். பேசாமல் வெளியே போய்விடுவார். அவர் வந்ததும் போனதும் கடைக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சிறு கடையின் முகப்பு, வாங்க வந்தவருக்குச் சந்தேகங்கள் எந்த வரிசையில் எழுகின்றனவோ அந்த வரிசையில் அவற்றைத் தீர்த்துவைக்க வேண்டும். அழகு, நிறம், அனிமேஷன் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதை ஒப்புக்கொண்டால் முகப்பில் எதை வைப்பது, எதைத் தூக்குவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முகப்புக்கு வருவது யார்?

கடைக்காரர்கள் பலர் நினைப்பதுபோல எல்லோரும் முகப்பு வழியாகத்தான் கடைக்குள் வருகிறார்கள் என்பதில்லை. கூகுளில் தேடியவர் நேரே ஒரு பொருளின் பக்கத்தில் வந்து இறங்குகிறார். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பார்த்தவர் ப்ரொஃபைலில் இருக்கும் லிங்க்கைத் தட்டுகிறார். குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் அத்தை போட்ட லிங்க் வழியாக இன்னொருவர் வருகிறார். பொருள் பிடித்துவிட்டது, விலையும் ஒத்துவருகிறது. வாங்குவதற்கு முன் ஒரு தயக்கம்: 'யார் இவர்கள்?' அப்போதுதான் மேலே இருக்கும் லோகோவைத் தட்டி முகப்புக்கு வருகிறார்கள். ஆகவே முகப்புக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. பாதி மனதோடு, விசாரித்துப் போக வந்தவர்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. லிங்க்கை வாட்ஸ்ஆப்பில் போட்டதும் ஒரு சிறு படமும் தலைப்பும் இரண்டு வரியும் தானாக வரும். முகப்பின் முதல் தரிசனம் உண்மையில் அதுதான். வெப்சைட் செய்தவர் அதற்கான விவரத்தை நிரப்பாமல் விட்டால், அங்கே 'ஹோம்' என்ற ஒற்றைச் சொல்லோ, வெட்டுப்பட்ட லோகோவோ வந்து நிற்கும். 1200க்கு 630 பிக்சல் அளவில் ஒரு நல்ல படம், கடைப் பெயரும் ஊரும் பொருளும் சேர்ந்த ஒரு தலைப்பு, இரண்டு வரி விளக்கம். அரை மணி நேர வேலை. தமிழ்நாட்டில் சிறு வியாபாரம் வாட்ஸ்ஆப்பில்தான் ஓடுகிறது என்னும்போது, முகப்பு வடிவமைப்பை இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் கருத்து.

முதல் திரை

கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்து பார்க்கும் ஆய்வுகளை நீல்சன் நார்மன் குழுமம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. 2018இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைப் பார்க்கும் நேரத்தில் 57 சதவீதம், ஸ்க்ரோல் செய்யாமல் தெரியும் முதல் திரையிலேயே செலவாகிறது. முதல் இரண்டு திரைகளைச் சேர்த்தால் 74 சதவீதம். போனில் விரல் சுலபமாகக் கீழே இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இழுக்கலாமா வேண்டாமா என்று முடிவாவது முதல் திரையில்.

நம் உடன்குடிக் கடையின் முதல் திரையையே எடுத்துக்கொள்வோம். 'தரமே தாரக மந்திரம்' இருந்த இடத்தில் இப்படி எழுதலாம் (விலை ஓர் உதாரணத்துக்கு):

"உடன்குடிப் பனங்கருப்பட்டி. சீனி சேர்க்காதது. எங்கள் அடுப்பிலேயே காய்ச்சியது. 1 கிலோ 450 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் கூரியர் செலவும் சேர்த்து. 5 நாளுக்குள் வீட்டுக்கு வரும்."

அடியில் ஒரே ஒரு பெரிய பட்டன்: 'வாங்க'. இதில் அலங்காரம் எதுவும் இல்லை. என்ன பொருள், எந்த ஊர், கலப்படம் உண்டா, யார் செய்தது, மொத்தம் எவ்வளவு, எப்போது வரும் என்ற ஆறு கேள்விகளுக்கும் பதில் வந்துவிட்டது. '100 சதவீதம் அசல்' என்று எழுதுவதைவிட 'சீனி சேர்க்காதது' என்பதற்குப் பலம் அதிகம். அசல் என்று எழுதாத கடையே கிடையாது. சீனி கலப்பதுதான் கருப்பட்டி வாங்குபவரின் நிஜமான பயம். அந்தப் பயத்தின் பெயரைச் சொல்லி மறுக்கிற கடைக்கு ஒரு தைரியம் இருப்பதாக வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். தாங்களே காய்ச்சாதவர்கள் 'காய்ச்சுபவர்களிடம் நேரே வாங்குகிறோம்' என்று எழுதட்டும். அதிலும் குறைவொன்றும் இல்லை. பொய் மட்டும் கூடாது.

படங்களுக்கு வருவோம், இங்கேதான் நிதானம் வேண்டும். கருப்பட்டியை வெள்ளைத் துணியில் வைத்து, பளபளக்க எடிட் செய்து, பக்கத்தில் ரோஜா இதழ் தூவி எடுத்த படம் விளம்பரத்துக்கு ஆகலாம். சந்தேகம் தீராது. ஜன்னலோர வெளிச்சத்தில் மூன்று படங்கள் போதும். உள்ளங்கையில் வைத்த முழுக் கருப்பட்டி ஒன்று, அளவு தெரிவதற்காக. சிரட்டையில் ஊற்றி எடுத்த அந்த அரைவட்ட வடிவம் முழுதாகத் தெரிய வேண்டும். இரண்டாவது, உடைத்த கருப்பட்டியின் உட்புறம், மிக அருகில், துகள் தெரியும்படி. கடையில் சில்லு உடைத்துப் பார்ப்பவருக்குத் திரையில் நாம் கொடுக்கக்கூடியது அதுதான். மூன்றாவது, பதநீர் காயும் அடுப்பும் அதன் பக்கத்தில் நிற்கும் ஆளும். நிறத்தை எடிட்டிங்கில் கூட்டிக் காட்டினால், பார்சல் பிரித்தவர் 'படத்தில் வேறு மாதிரி இருந்ததே' என்பார். காய்ச்சுக்குக் காய்ச்சு நிறம் மாறும் என்றால் அதையும் படத்தின் கீழே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

நகரும் பேனர்களைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் 2013இல் எரிக் ரன்யன் என்பவர் எண்ணிப் பார்த்தார். முகப்புக்கு வந்தவர்களில் அந்த நகரும் படங்களைத் தட்டியவர்கள் சுமார் 1 சதவீதம்தான். அந்தத் தட்டல்களிலும் 84 சதவீதம் முதல் படத்துக்கே போனது. இரண்டாவது, மூன்றாவது படங்களுக்காகச் செலவிட்ட காசும் நேரமும் வீண். அது பல்கலைக்கழகத் தளம், கடை இல்லை என்று யாராவது வாதிடலாம். வாதிடட்டும். கடைக்கு வந்தவர் ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அது கண்ணெதிரே நகர்ந்து போவது எந்தத் தளத்திலும் மரியாதையில்லை. ஸ்லைடரை எடுத்துவிட்டு நல்ல படம் ஒன்றை நிலையாக வையுங்கள்.

கனமான பக்கம் காலி செய்யும்

1999 நவம்பரில் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு பூ.காம் என்ற துணிக்கடை இணையத்தில் திறந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டென், காய்சா லியாண்டர் உள்ளிட்டவர்கள் தொடங்கியது. உடைகளைத் திரையில் சுழற்றிப் பார்க்கலாம், 'மிஸ் பூ' என்ற அனிமேஷன் பெண் கூடவே வந்து வழிகாட்டுவார். ஆடம்பரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அன்றைக்கு வீடுகளில் இருந்தது டெலிபோன் வழியாக வரும் மெதுவான இணைப்பு. பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விட்டது. 2000 மே மாதத்தில் கடையை மூடினார்கள். அதற்குள் கரைந்த முதலீடு சுமார் 135 மில்லியன் டாலர். வேறு காரணங்களும் இருந்தன, நிர்வாகச் செலவு கட்டுக்கடங்காமல் போனது அதில் ஒன்று. என்றாலும் திறக்காத முகப்பு அந்தக் கதையில் முக்கியப் பங்கு வகித்தது.

இன்றைய 4ஜி காலத்தில் அதெல்லாம் பழங்கதை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். போன் கேமராவில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி அளவுக்குச் சாதாரணமாக வரும். அப்படியே முகப்பில் எட்டுப் படங்களை ஏற்றினால் 32 எம்பி. பஸ்ஸில் போகிறவருக்குச் சிக்னல் மங்கி, நொடிக்கு 5 மெகாபிட் வேகம்தான் கிடைக்கிறது என்றால், அவை முழுவதும் இறங்க 50 நொடிக்கு மேல் ஆகும். அதே படங்களைப் போன் திரைக்கு ஏற்ற அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி வடிவத்துக்கு மாற்றி, படத்துக்கு 150 கேபி என்று கொண்டுவந்தால் மொத்தம் 1.2 எம்பி. இரண்டு நொடியில் முடிந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இதற்கு ஆள் வைக்க வேண்டியதில்லை, இலவசக் கருவிகளே இருக்கின்றன.

போனில் மூன்று நொடிக்குள் திறக்காத பக்கங்களை விட்டு 53 சதவீத வருகைகள் விலகிவிடுகின்றன என்று கூகுள் 2016இல் சொன்னது. இப்போது அதே நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல், பக்கத்தின் முக்கியப் படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற அவர்களுடைய இலவசப் பக்கத்தில் கடையின் முகவரியைக் கொடுத்தால் எந்தப் படம் கனம், எந்த நிரல் தடை என்று பட்டியலே வந்துவிடும். வெப்சைட் செய்து கொடுத்தவர் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்' என்றால், அந்தப் பட்டியலை அவருக்கு அனுப்பிவையுங்கள்.

கடைசியில் முளைக்கும் கூரியர் சார்ஜ்

முகப்பில் நம்பிக்கையை உடைப்பதில் முதலிடம் விலையை மறைப்பதற்குத்தான். டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கூடையில் பொருளைப் போட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாங்காமலே போகிறார்கள் என்கிறது. சும்மா பார்க்க வந்தவர்களை ஒதுக்கிவிட்டுக் காரணம் கேட்டால், முதலில் வருவது டெலிவரி, வரி போன்ற கூடுதல் செலவு கடைசியில் வந்து சேர்வதுதான்.

கருப்பட்டி கனமான பொருள். ஒரு கிலோ வாங்குபவருக்குக் கூரியர் சார்ஜ் பொருளின் விலையில் ஐந்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். அதை ஒளித்து வைக்கவே முடியாது. ஆகவே முதல் திரையிலேயே சொல்லிவிடுவது நல்லது. முடிந்தால் விலையோடு சேர்த்துவிடலாம், இல்லையென்றால் 'தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளி மாநிலத்துக்கு இவ்வளவு' என்று ஒரே வரியில் தரலாம். ஆறு இலக்கப் பின்கோடைப் போட்டால் கட்டணமும் நாளும் தெரியும்படி ஒரு சிறு பெட்டி வைத்தால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டுப் பின்கோடுகள் 60 முதல் 64 வரையிலான எண்களில்தான் தொடங்குகின்றன என்பதால், உள்ளூரா வெளியூரா என்று பிரிப்பது புரோகிராமருக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை.

கேஷ் ஆன் டெலிவரி உண்டா இல்லையா என்பதையும் முகப்பிலேயே சொல்ல வேண்டும். பார்சல் திரும்பி வந்தால் இரு வழிக் கூரியர் செலவும் கடைக்காரர் தலையில்தான் என்பதால் சிறு கடைகள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். முகவரியெல்லாம் நிரப்பி, கடைசிப் பக்கத்தில் அதைத் தெரிந்துகொள்பவர் கோபத்தோடு போவார். யுபிஐயில் ஒரு நுணுக்கம் உண்டு. பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயர் திரையில் வரும். கடைக்கு ஒரு பெயர், வங்கிக் கணக்கு வேறொருவர் பெயரில் என்றால், வாங்குபவரின் விரல் அங்கேயே நின்றுவிடும். ஏமாற்று வேலைகள் மலிந்த காலத்தில் அந்தத் தயக்கம் சரியானதும்கூட. 'பணம் செலுத்தும்போது இந்தப் பெயர் தெரியும்' என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிவைத்தால் தீர்ந்தது.

முகவரியும் சட்டமும்

முகப்பின் அடிப்பகுதியை யாரும் பார்ப்பதில்லை என்று அதில் சமூக வலைதள ஐகான்களை மட்டும் நிரப்பி வைக்கிறார்கள். விசாரிக்க வந்தவர் நேராகப் போவது அங்கேதான். கதவு எண், தெரு, ஊர், பின்கோடு. எடுத்துப் பேச ஆள் இருக்கும் போன் நம்பர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ற விவரத்தோடு. வெறும் 'தொடர்புக்கு' என்ற படிவம் மட்டும் இருந்தால் அது யாரும் இல்லாத கடை மாதிரி இருக்கும்.

இது நல்லெண்ணத்துக்காக மட்டும் சொல்வதும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020இன்படி இணையத்தில் வியாபாரம் செய்பவர் தம் சட்டபூர்வப் பெயர், தலைமையக முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண், குறைதீர்ப்பு அலுவலரின் விவரம் ஆகியவற்றை எளிதில் தெரியும்படி தர வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். மூன்று பேர் நடத்தும் கடையில் குறைதீர்ப்பு அலுவலர் என்பது கடைக்காரரேயாக இருக்கலாம். அந்தப் பெயரும் நம்பரும் முகப்பில் இருக்கும்போது வாங்குபவருக்குக் கிடைக்கும் தெம்பு பெரியது. சிறு கடைக்குப் பெரிய கம்பெனியிடம் இல்லாத ஒரு பலம் உண்டென்றால் இதுதான்: போன் செய்தால் காய்ச்சியவரே எடுப்பார். அதைப் போய் மறைக்கலாமா?

உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணை முகப்பிலேயே போடலாம். விவரம் தெரிந்தவர்கள் அந்த எண்ணை அரசுத் தளத்தில் போட்டுச் சரிபார்ப்பார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்த ஊரில் கடை இருக்கிறது என்பதாலேயே குறியீட்டின் சின்னத்தை எடுத்து முகப்பில் ஒட்டிக்கொள்ள முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த உரிமை. பதிவு செய்தவர்கள் தங்கள் பதிவு எண்ணோடு பெருமையாகப் போடலாம், போட வேண்டும்.

பொய்யான அவசரம்

'இன்னும் 2 மட்டுமே மீதம்!' 'இந்தச் சலுகை 9 நிமிடத்தில் முடிகிறது!' பக்கத்தை மறுபடி திறந்தால் கடிகாரம் மறுபடி 9 நிமிடத்திலிருந்து ஓடும். 'சென்னையிலிருந்து ஒருவர் இப்போதுதான் வாங்கினார்' என்று மூலையில் எட்டிப்பார்க்கும் பெட்டியில் வருவது பல நேரம் கற்பனை ஆள். வெப்சைட் செய்து தருபவர்கள் இதையெல்லாம் இலவச இணைப்பாகக் கொடுக்கிறார்கள், கடைக்காரரும் விற்பனை ஏறும் என்று வாங்கிக்கொள்கிறார்.

இவை வாங்குபவரை மதிக்காத செயல்கள், இப்போது விதிமீறலும்கூட. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படி ஏமாற்றும் வடிவமைப்புகள் 13 வகை என்று பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காமலே கூடையில் ஒரு பொருளையோ நன்கொடையையோ சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைக்கும் வாசகம், விலையைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது எல்லாம் அதில் அடக்கம். கடைக்காரரே வாடிக்கையாளர் வேடத்தில் விமர்சனம் எழுதிக்கொள்வதை 2020 விதிகளே தடுக்கின்றன. நிஜமாகவே இரண்டு கிலோதான் மீதம் என்றால் சொல்லுங்கள். பதநீர் சீசன் முடிந்துவிட்டது, அடுத்த காய்ச்சு கோடையில்தான் என்றால் அதைவிட நேர்மையான அவசரம் கிடையாது.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரமாகவே அடுக்காதீர்கள். 'மழை நேரத்தில் வந்ததால் கொஞ்சம் கசிந்திருந்தது, போன் செய்தேன், மாற்றி அனுப்பினார்கள்' என்று ஒரு வாடிக்கையாளர் நிஜமாகவே எழுதியிருந்தால், முகப்பில் முதலில் வைக்க வேண்டியது அதைத்தான். தப்பு நடந்தால் இந்தக் கடை என்ன செய்யும் என்பதுதானே ஓசூர்க்காரரின் கடைசிக் கேள்வி.

தமிழில் ஒரு முகப்பு

முகப்பு தமிழிலா, ஆங்கிலத்திலா? கருப்பட்டி, சுங்குடி, பத்தமடைப் பாய் விற்கிறவர் தமிழில் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெங்களூரிலும் மும்பையிலும் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பக்கமும் இருக்கட்டும், மாற்றும் பட்டன் மேலேயே தெரியட்டும்.

தமிழ் முகப்பில் அடிக்கடி நடக்கும் கோளாறு, எழுத்தைப் படத்துக்குள் போட்டு ஏற்றுவது. டிடிபி சென்டரில் பழைய எழுத்துருவில் அடித்ததை இணையத்தில் ஒட்டினால் கிறுக்கலாக வருகிறது. அதற்குப் பயந்து நோட்டீஸ் மாதிரி ஒரே படமாக்கி ஏற்றிவிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்குச் செய்த அந்தப் படம் போனில் எறும்பளவு சுருங்கிவிடும். பெரிதாக்கினால் மங்கும். கூகுளுக்கு அது பிடிபடாமல் போகலாம். பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டாது. யூனிகோடில் அடித்து, எழுத்தை எழுத்தாகவே வையுங்கள். முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் போன்ற நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கு இடையில் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் மேல் வரியின் உகரச் சுழி கீழ் வரியின் இகரக் கொக்கியோடு மோதும். பட்டனில் நீளச் சொற்கள் வேண்டாம். 'வாங்க', 'கூடையில் சேர்' போதும்.

தேடல் பெட்டி வைத்தால் அது தமிழர்கள் தட்டும் விதத்தில் வேலை செய்ய வேண்டும். கருப்பட்டியை ஒருவர் தமிழில் அடிப்பார். இன்னொருவர் ஆங்கில எழுத்தில் ஒற்று ஒன்று விட்டு அடிப்பார், வேறொருவர் 'பாம் ஜாக்கரி' என்பார். எல்லோருக்கும் அதே கருப்பட்டி வர வேண்டும். 'முடிவுகள் இல்லை' என்று காட்டும் தேடல் பெட்டி, சரக்கு இல்லை என்று சொல்வதற்குச் சமம். பத்துப் பொருள் மட்டுமே விற்கும் கடைக்குத் தேடல் பெட்டியே தேவையில்லை, எல்லாவற்றையும் முகப்பிலேயே அடுக்கிவிடலாம்.

மற்றபடி கூடை மேலே வலது பக்கம், லோகோ இடது பக்கம், மெனுவில் பொருள்களின் பெயர். இதில் புதுமை வேண்டாம். வாங்குபவர் தம் நேரத்தின் பெரும்பகுதியை மற்ற தளங்களில்தான் செலவிடுகிறார், அங்கே பழகியதையே இங்கும் எதிர்பார்ப்பார் என்று ஜேக்கப் நீல்சன் சொல்வது அனுபவ உண்மை. பச்சை வாட்ஸ்ஆப் வட்டம் 'வாங்க' பட்டனின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா என்று சிறிய திரைப் போன் ஒன்றில் பார்த்துவிடுங்கள். நிறையக் கடைகளில் உட்கார்ந்திருக்கிறது.

ஐந்து பேர் போதும்

இவ்வளவும் செய்த பிறகு சரியாக வந்திருக்கிறதா என்று கடைக்காரரால் சொல்ல முடியாது, அவருக்கு எல்லாம் தெரியும் என்பதால். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டில் நீல்சன் எழுதினார். இணையக் கடையில் அதிகம் வாங்கிப் பழகாத சித்தி, வேகமாகத் தட்டும் கல்லூரிப் பையன், கண்ணாடி போடாமல் போன் பார்க்கும் பெரியவர் என்று கலந்து ஐந்து பேர். அவரவர் போனிலேயே, அவரவர் டேட்டாவிலேயே, கடை வைஃபை இல்லாமல். 'ஒரு கிலோ கருப்பட்டி வாங்குங்க' என்று சொல்லிவிட்டு பக்கத்தில் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கடினம். அவர் பட்டனைக் கண்டுபிடிக்காமல் மேலும் கீழும் இழுக்கும்போது 'அங்க பாருங்க' என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஓசூர்க்காரரின் பக்கத்தில் உட்கார யாரும் போகப் போவதில்லை. விரல் எங்கே நிற்கிறது, எதைச் சத்தமாகப் படிக்கிறார், எந்த இடத்தில் 'இது என்ன?' என்று கேட்கிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டால், அடுத்த வாரம் திருத்த வேண்டியவை கையில் இருக்கும்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது. பண்டிகை வாரத்தில் கூரியர் நெரிசலாகும் என்பதால் 'இந்தத் தேதிக்குள் ஆர்டர் செய்தால் தீபாவளிக்கு முன் கிடைக்கும்' என்ற வரி முதல் திரையில் பட்டனுக்கு நேர் மேலே வர வேண்டும். அந்தத் தேதி முடிந்த அன்று இரவே அதை எடுத்துவிட்டு, 'இனி ஆர்டர்கள் பண்டிகைக்குப் பிறகுதான் கிளம்பும்' என்று மாற்ற வேண்டும்.